இரண்டு வீட்டுப் புளிக்காய்ச்சல்

இதனை வாசிக்கும் ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் வணக்கம். நான் பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவள் அல்லள். என் மூத்த மகன் சிலேட்டில் எழுதிய எழுத்துகளை அவன் அழிக்குமுன் பார்த்துப் பழகியும், பிற்காலத்தில் கைக்குக் கிடைத்த புத்தகங்களை விரல் வைத்து வாசித்தும் தேறியவள். ஆதலால் வாக்கியங்களில் பிழை காணப்படின் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லப்போகும் செய்தியில் பிழை இல்லை. அதில் உள்ள குற்றம் முழுவதும் என்னுடையது.

நான் எழுதப் புகுந்தது அடுத்த வீட்டில் வாழ்ந்த ஒருத்தியைப் பற்றி. அவளை நான் அக்கா என்றே அழைத்தேன். அவளுடைய பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் தெருவில் ஒரு கெட்ட சொல்லோடு சேர்த்துப் பல காலம் அந்தப் பெயர் பேசப்பட்டது. வாசிக்கிறவர்களும் அவ்விரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாகாது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரிந்து வரும் வடகால் வாய்க்காலை ஒட்டியது எங்கள் தெரு. என் கணவரும் அவள் கணவரும் நில அளவைக் கச்சேரியில் குமாஸ்தாக்கள். ஜில்லாவின் நிலங்களையெல்லாம் சர்க்கார் மறுபடியும் அளந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. இருவரும் திங்கட்கிழமை விடியலில் ஒரே வண்டியில் புறப்பட்டுச் செம்மணல் தேரிக்காட்டுக் கிராமங்களில் முகாம் போடுவார்கள். சனிக்கிழமை மாலை திரும்புவார்கள். அவ்வூர்களில் எவர் வீட்டிலும் கை நனைக்க மாட்டார்கள். சைவக் குடும்பங்களில் அதனை அன்று பெருமையாக எண்ணினோம். இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. முகாமில் சோறு மட்டும் தாங்களே பொங்கிக்கொள்வார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ளவும் பிசைந்துகொள்ளவும் வேண்டியவற்றை ஆறு நாளைக்குக் கெடாதபடி வீட்டிலிருந்து கட்டிக்கொடுக்க வேண்டும். அதே பண்டங்கள்தாம் வீட்டில் எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வாரம் முழுவதும் ஓடும்.

முதலில் நாங்கள் இருவரும் தனித்தனியேதான் செய்துவந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் கைக்குழந்தை இடுப்பில் இருந்து அழ, நான் ஒரு கையால் உலக்கை பிடித்திருப்பதை அவள் புறவாசல் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“ஏளா, பிள்ளைய இடிக்கியா, பருப்ப இடிக்கியா?” என்றாள். “எல்லாத்தையும் தூக்கிட்டு இங்கன வா. உனக்கு ரெண்டு கை, எனக்கு ரெண்டு கை. நாலு கையிருந்தா மத்தியானத்துக்குள்ள தீந்துரும்.”

அன்று தொடங்கியது. அவள் வீட்டுப் பின்கட்டு அடுக்களை எங்களுடையதைவிடப் பெரியது. அவளுக்கு மூன்று பிள்ளைகள், எனக்கு இரண்டு. ஐந்தையும் புறவாசல் முருங்கை நிழலில் விட்டுவிட்டு நாங்கள் வறுப்போம், இடிப்போம், சலிப்போம். பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, எண்ணெயில் வறுத்த சுண்டைவற்றல். எல்லாவற்றுக்கும் கடைசியாகப் புளிக்காய்ச்சல். அது மட்டும் வீட்டுக்கு மிஞ்சாமல் முழுவதும் முகாமுக்கே போய்விடும். நடுவில் ஓர் உருளி நிறையக் கூட்டாஞ்சோறு கிண்டி ஐந்து பிள்ளைகளையும் வட்டமாக உட்கார்த்தி அவளே உருட்டிக் கையில் வைப்பாள். எந்தப் பிள்ளை யாருடையது என்று பாராமல் கை நீண்ட வரிசைப்படி கொடுப்பாள்.

ஒரு முழங்காலைக் குத்திட்டு அடுப்பின் முன் அவள் அமரும் கோலம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. நெடிய உடம்பு. சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் வேலை முடியும்வரை எழுந்திராள். புளி கொதிக்கும்போது சட்டிக்குள் எட்டிப் பார்க்கமாட்டாள். என்னோடு பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று கையை உயர்த்தி, “சத்தம் மாறிட்டுளா. எண்ணெ பிரிஞ்சிட்டு, இறக்கு” என்பாள். பார்த்தால் அவ்வாறே ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். நைவேத்தியத்திற்கு முன் உப்புப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. எனினும் அவள் கையில் உப்பு ஒருநாளும் தவறியதில்லை.

ஆண்களைக் கேலி செய்வதில் அவளுக்கு நிகர் இல்லை. “ஊரெல்லாம் சங்கிலி போட்டு அளக்குதாவ. வீட்டுக் குலுக்கைல அரிசி எத்தனை படி கெடக்குன்னு கேளு, முழிப்பாவ” என்பாள். நான் சிரித்து, சிரித்ததற்குப் பயந்து வாயைப் பொத்திக்கொள்வேன். என் மாமியாருக்கு நாங்கள் சிரிப்பது ஆகாது.

இவ்வளவும் அவளுடைய பழக்கவழக்கங்கள். அவளுடைய குணம் என்று ஒன்றே ஒன்றைச் சொல்வதானால் அது இது: தவறு நேர்ந்தால் அதைத் தன்மேல் போட்டுக்கொள்வாள், புகழ் வந்தால் அதை என்மேல் வைத்துவிடுவாள்.

ஒருமுறை எள் வறுக்க உட்கார்ந்த நான், குழந்தை தவழ்ந்து போகிறதே என்று எழுந்து போய்விட்டேன். எள் கருகிற்று. சுவருக்கு அப்பாலிருந்து என் மாமியார், “என்னத்தப் போட்டுத் தீய்க்குதிய ரெண்டு பேரும்?” என்று குரல் கொடுத்தார். நான் வாய் திறக்குமுன், “நான்தான் பெரியம்மா, பேச்சுவாக்குல விட்டுட்டேன்” என்று அவள் பதில் சொல்லிவிட்டாள். தன் வீட்டு எள்ளை எடுத்து மறுபடியும் வறுத்து இரண்டு பங்காக வைத்தாள்.

மற்றொரு முறை, முகாமில் இருந்த மேலதிகாரி எங்கள் கறிவேப்பிலைப்பொடியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் புகழ்ந்தார் என்று கணவர்கள் வந்து சொன்னார்கள். பக்குவமாக வறுத்தவள் அவள். நான் இடித்தது மட்டுமே. அவளோ, “அவ இடிக்கிற பதந்தான் அது. எனக்கு அந்தப் பதம் வராது” என்று வாய்க்கால் படித்துறைவரை சொல்லி வைத்தாள். கைப்பக்குவக்காரி என்று எனக்குத் தெருவில் பெயர் உண்டாயிற்று. நான் மறுக்கவில்லை. முதலில் கூசிற்று. பிறகு பழகிற்று. அதற்கும் பிறகு, அது உண்மைதானோ என்றே எண்ணத் தொடங்கிவிட்டேன்.

“எதுக்குக்கா எல்லாத்தையும் உன் தலைல போட்டுக்கிடுத?” என்று ஒருநாள் கேட்டேன்.

அவள் மிளகாய்வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டே சொன்னாள்: “உன் மாமியாவுக்குக் கை நீளம். எம் மாமியாவுக்கு வாய் மட்டுந்தான் நீளம். கைக்கு நீ முதுகைக் குடுக்கணும். வாய்க்கு நான் காதைக் குடுத்தாப் போதும். எது லேசு, நீயே சொல்லு.”

உண்மை. என் முழங்கையில் அகப்பைக் காம்பு பட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. அவள் ஆராய்ந்தே அப்படிச் செய்து வந்தாள். அது அசட்டுத்தனமான நல்ல குணம் என்று எவரும் நினைக்க வேண்டாம்.

நிற்க. புதிய சக்கரவர்த்திக்குப் பட்டாபிஷேகம் என்று பள்ளிப்பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த வருஷம். அவளுடைய மூத்த பெண் ஏழு வயதுக்காரி. அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும் என்று அவள் கணவரிடம் கேட்டு, அவரும் சம்மதித்திருந்தார். இது அவளுடைய மாமியாருக்குப் பொறுக்கவில்லை. “எம் புள்ளை இவ சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுதான்” என்று படித்துறையில் குறைப்பட்டுக்கொள்வார். வீட்டில் வேறு ஒருவரும் உண்டு. கணவரை இழந்து தாய்வீடு வந்துவிட்ட நாத்தனார். இவ்விருவரின் நடுவில்தான் அக்கா குடித்தனம் செய்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, புளிக்காய்ச்சல் இறக்கியாயிற்று. அவளுடைய கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. “ஏளா, ஆறுனதும் ரெண்டு ஜாடியிலயும் நீயே அள்ளி வச்சிரு. நான் இவன் பக்கத்துல படுத்துக்கிடுதேன்” என்று சொல்லி உள்ளே போனாள்.

ஆறட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் நாத்தனார் வந்து, இராத்திரிக் குழம்புக்குக் கல்சட்டி வேண்டும், ஒழித்துக் கொடு என்றார். நான் என் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பித்தளைப் போணியில் அத்தனையையும் கொட்டினேன். அந்தப் போணி என் தாய்வீட்டுச் சீர். வெளிப்புறம் பொன்போல் மின்னும். உட்புறத்தில் ஈயப்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. முந்தின மாதம் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்தபோது அக்கா அதை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். நெருப்பில் காட்டினால் வெளிமினுக்கம் கெட்டுவிடும் என்று நான் கொடுக்கவில்லை. புளியைத் தேய்ந்த பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறும் என்பது எங்கள் பெண்களில் அறியாதவர் இல்லை. நானும் அறிவேன். கொஞ்ச நேரந்தானே, ஆறினதும் ஜாடிக்கு மாற்றிவிடலாம் என்று எண்ணினேன். அதற்குள் என் குழந்தை அழுதது. வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்தேன். அப்படியே உறங்கிப்போனேன்.

திங்கட்கிழமை விடியலில் வண்டி பூட்டும் சத்தம் கேட்டு ஓடினேன். போணியைத் திறந்தேன். புளிக்காய்ச்சலின் ஓரத்தில் வளையம்போலப் பாசி நிறம் படர்ந்திருந்தது.

ஐயா, நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எவரிடமும் சொல்ல எனக்கு வழியில்லை. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். ஒரு வாரத்துப் புளிக்காய்ச்சல் இரண்டு வீட்டுக்கும் வீண் என்று சொன்னால், இடுப்புச் சேலையைப் பிடித்து இழுத்து என் மாமியார் கேட்கும் கேள்வி காதில் ஒலித்தது. அந்தப் பச்சை ஓரத்தைத் துணியால் துடைத்தேன். மற்றதை அள்ளி இரண்டு ஜாடிகளில் நிரப்பி வண்டியில் ஏற்றினேன்.

புதன்கிழமை மத்தியானம் அதே வண்டி திரும்பி வந்தது. இருவரும் அதில் படுத்துக் கிடந்தார்கள். என் கணவருக்குப் புளிப்பில் அவ்வளவு விருப்பம் இல்லை, தொட்டுக்கொண்டதோடு சரி, இரண்டே நாளில் எழுந்துவிட்டார். அக்காவின் கணவர் புளிக்காய்ச்சல் என்றால் இரண்டு மடங்கு சோறு உண்பவர். வாந்தியும் வயிற்றுப்போக்கும் அவரைக் கயிறுபோல் ஆக்கிவிட்டன. சேரக்கூடாத ஏதோ வயிற்றில் சேர்ந்திருக்கிறது என்றார் வைத்தியர். அந்தச் சொல் போதுமானதாயிற்று.

எங்கள் பக்கத்தில் மருந்து வைத்தல் என்று ஒரு பேச்சு உண்டு. கணவன் தன் சொற்படி நடக்க வேண்டும் என்று மனைவி சோற்றில் எதையோ கலந்து கொடுப்பாள் என்பார்கள். அந்தச் சொல் ஒரு பெண்ணின்மேல் விழுந்தால் பிறகு அவள் கையால் தண்ணீர்கூட எவரும் வாங்கிக் குடிக்கமாட்டார்கள்.

அவளுடைய மாமியார் எங்கள் இருவரையும் முற்றத்தில் நிறுத்தினார். என் மாமியாரும் நின்றிருந்தார்.

“என்னத்தளா போட்டுக் கிண்டுன?” என்று அவளைக் கேட்டார்.

“புளி, உப்பு, வத்தல், காயம். வேற என்னத்த அத்தை போடுவேன்?”

“காயம் தின்ன வயிறு இப்பிடியா சுருளும்? பொம்பளப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், உனக்குப் பட்டுச்சேலை! எம் புள்ளைய முந்தானைல முடிஞ்சுக்கிட எவகிட்டளா மருந்து வாங்குன?”

“அத்தை, பட்டுச்சேலை நான் எப்பக் கேட்டேன்?” என்றாள் அக்கா. அந்த நேரத்திலும் அவளுக்கு அப்படித்தான் பேச வந்தது. நாத்தனார், “பாத்தியாம்மா வாயை” என்றார்.

பிறகு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். “நீயும்லா கூட இருந்த. ஜாடியில அள்ளி வச்சது யாரு? உள்ளதைச் சொல்லு.”

என் மாமியார் என்னை உற்றுப் பார்த்தார். “எனக்குத் தெரியாது அத்தை. பிள்ளைக்குப் பால் குடுக்கப் போயிட்டேன்” என்றேன்.

அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று எத்தனையோ வருஷம் அந்தப் பார்வையை நினைத்து நினைத்துத் தேடியிருக்கிறேன். “அவளை எதுக்குக் கேக்கிய? கைப்பிள்ளக்காரி. அள்ளி வச்சது நான்தான்” என்று அவள் சொன்னாள்.

வழக்கம்போல் வாய்க்குக் காதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அந்த ஒருநாள் அவள் கணிப்புத் தவறிவிட்டது. நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

மருந்து எடுக்கிறவள் ஒருத்தியை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அழைத்து வந்தார்கள். அவள் ஏதோ பச்சிலைச் சாற்றைக் கொடுத்து, நோயாளி கக்கியதில் கறுப்பாக ஓர் உருண்டையை எடுத்து இலையில் வைத்துக் காட்டினாள். தெருவே வந்து பார்த்தது. நானும் வரிசையில் நின்று பார்த்தேன்.

அக்காவின் கணவர் பிழைத்து எழுந்தார். அவர் மனைவியை அடிக்கவில்லை. தள்ளி வைக்கவும் இல்லை. ஆனால் தாயும் தமக்கையும் அவளை அடுக்களைப் படி ஏறவிடாமல் செய்தபோது பேசாதிருந்தார். தன் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கவும் பரிமாறவும் அவளுக்கு உரிமை போயிற்று. நெல் புடைப்பாள், மாட்டுக்குத் தீவனம் வைப்பாள், துணி துவைப்பாள். உப்புப் புளி சேர்கிற எதையும் தொடலாகாது. நாத்தனார் பரிமாறியதைப் பிள்ளைகள் உண்ணுகையில் அவள் தொழுவத்தருகே நிற்பாள். ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. அவளோடு பேச்சு வைக்கக்கூடாது என்று என் மாமியார் கட்டளையிட்டார். நல்லவேளை என் மருமகள் கை அதில் படவில்லை என்று தெருவில் பெருமையும் பேசினார். பெண்கள் என்னிடம் வந்து, “உண்மையாவே மருந்துதானா?” என்று கேட்பார்கள். “யாரு கண்டா” என்பேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு என் குற்றத்தைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இல்லை என்ற ஒரு சொல் போதும். அதையும் நான் சொல்லவில்லை.

சில நாள் கழித்து, நான் புறவாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேல் அவள் முகம் தெரிந்தது. சுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “ஏளா, நாளைக்கு ஈயக்காரரு வாராராம். அந்தப் போணிய மறக்காம குடுத்துரு. பிள்ளைகளுக்கு அதுல ஒண்ணும் ஊத்திராத.”

அவளுக்குத் தெரியும். முற்றத்தில் நிற்கும்போதே தெரிந்திருக்கிறது.

நான் தலை குனிந்து, “சரிக்கா” என்றேன். அவள் சிறிது நேரம் நின்றாள். நான் மேலே ஏதேனும் சொல்வேன் என்று நின்றாளோ, அல்லது வேறெதற்கோ, அறியேன். பிறகு அவள் முகம் மறைந்தது. போணிக்கு மறுநாளே ஈயம் பூசினேன்.

இரண்டு வருஷத்தில் அவள் கணவருக்கு அம்பாசமுத்திரத்திற்கு மாற்றலாயிற்று. வண்டி புறப்பட்ட அன்று நான் வாசலில் நின்றேன். மாமியார் பக்கத்தில் நின்றார். அவள் வண்டிக்குள்ளிருந்து என் குழந்தைக்குக் கை அசைத்தாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

என் மாமியார் காலமாகி, என் பிள்ளைகள் உத்தியோகத்துக்குப் போய், பேசினால் என்னைக் கேட்க ஒருவரும் இல்லை என்ற நிலை வந்தபின்னும் நான் பேசவில்லை. அச்சம்தான் காரணம் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிவந்தேன். அச்சத்திற்கு ஆள் இல்லாதபோதும் வாய் அடைத்திருந்தால் அதற்குப் பெயர் வேறு.

திருநெல்வேலியில் ஒரு கல்யாண வீட்டில் நடுவயதுப் பெண் ஒருத்தி என் காலைத் தொட்டு வணங்கினாள். அக்காவின் மூத்த மகள். படித்து, பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக இருந்தாள். அக்கா இறந்து மூன்று வருஷம் என்றாள். நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றினாள்.

“எங்க அம்மைக்குச் சமையல் மட்டும் வரவே வராது சித்தி” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். “வெந்நி வைக்கக்கூட விடமாட்டாங்க எங்க அத்தை. நாங்க சின்னப்பிள்ளைல கேலி பண்ணுவோம், அம்மைக்கு அடுப்பு எந்தத் திக்குல இருக்குன்னு தெரியாதுன்னு. அவளும் சேந்து சிரிப்பா. ஆனா உங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பா. உங்க கைப்பக்குவம் ஒருத்தருக்கும் வராதாம்.”

அந்தப் பெண் ஐந்து பிள்ளைகளில் ஒருத்தியாக முருங்கை நிழலில் அமர்ந்து தாய் கை உருண்டையை வாங்கி உண்டவள். அது அவளுக்கு நினைவில்லை. அல்லது அந்தச் சோறும் நான் சமைத்தது என்று நம்ப வைக்கப்பட்டிருக்கிறாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அவளோ கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, “அந்தப் புளிக்காய்ச்சல் எப்படின்னு சொல்லுங்க சித்தி, எழுதிக்கிடுதேன்” என்றாள்.

சொன்னேன். புளியின் அளவு, வற்றலின் அளவு, வெந்தயத்தை எப்போது நுணுக்கிப் போடுவது, சட்டிக்குள் பாராமல் சத்தத்தைக் கேட்டு இறக்குவது எப்படி, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அத்தனையும் அவளைப் பெற்றவளுடைய பக்குவம். எழுதி முடித்து, தலைப்பில் என் பெயரைப் போட்டு, நோட்டை என் முன் பிடித்து அளவுகளை வாசித்துக் காட்டினாள். “சரியா இருக்கா?” என்றாள். அந்த எழுத்துகளை என்னால் வாசிக்க முடியும் என்பது அவளுக்குத் தெரியாது. சரியாக இருக்கிறது என்று தலையசைத்தேன்.

வீடு திரும்பியபின் மூன்று முறை கடிதம் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நான்காம் முறை எழுதி முடித்து அனுப்பியபோது, அவள் கணவரோடு கொழும்புக்குப் போய்விட்டாள் என்று கடிதம் திரும்பி வந்தது. அங்கே அவளுடைய விலாசம் எவருக்கும் தெரியவில்லை. எனக்கும் இனி அதிக நாள் இல்லை.

ஆகையால் இந்தத் தாள்கள் எவர் கைக்கு வருகின்றனவோ அவரிடம் கேட்டுக்கொள்கிறேன். இவற்றைக் கிழித்துவிடாமல் வைத்திருங்கள். வடகால் தெருவிலிருந்து அம்பாசமுத்திரத்திற்கு மாற்றலாகிப் போன நில அளவைக் குமாஸ்தாவின் மகள் என்றோ, அவள் பிள்ளைகள் என்றோ எவரேனும் என்றேனும் வந்தால் அவர்களிடம் இதனைக் கொடுத்து, அந்த நோட்டில் என் பெயரை அடித்துவிட்டு அந்த மகளைப் பெற்றவளின் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.